பின்சுவரின் கீழே ஒரு விரல்

வீட்டின் பின்பக்கம் கூட்டப் போன சிவகௌரி, அந்தத் திரி மறுபடியும் வெளியே கிடப்பதைக் கண்டாள். மூன்றாவது தடவை. நான்கு அடி நீளம், பெருவிரல் பருமன், எண்ணெயும் குங்கிலியமும் ஊறிய பஞ்சுத் திரி. முந்தின நாள் பின்னேரம்தான் அதைச் சுவரின் அடிச்சட்டத்துக்கும் கொங்கிறீற் தளத்துக்கும் இடையில் உளி வைத்து அடித்து இறுக்கியிருந்தது. எலி இழுத்திருந்தால் கடித்துக் குதறியிருக்கும். நாய் என்றால் வேலிக்கரை வரைக்கும் கொண்டுபோயிருக்கும். இது சுவரோடு ஒட்டி, ஒரு பிசிறும் இல்லாமல், நேராகக் கிடந்தது. யாரோ கவனமாக எடுத்துப் பக்கத்தில் வைத்தது போலிருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். எலி மேல் எரிச்சல், திரி அடித்த கனிசியஸ் மேல் எரிச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக நோர்வேயில் இருந்துகொண்டு காலையும் மாலையும் "அக்கா, அடைச்சாச்சோ?" என்று வட்ஸ்அப்பில் கேட்கிற தம்பி சுபாஸ்கரன் மேல் எரிச்சல். அடைத்தாகிவிட்டது. மூன்று தரம் அடைத்தாகிவிட்டது. வேண்டுமென்றால் வந்து பார்.

வீடு அவனுடையது. கீரிமலைக்குப் போகிற தெருவில், இருபத்தேழு வருஷம் ஆமி பிடித்து வைத்திருந்து திருப்பிக் கொடுத்த காணியில், எல்லோரையும் போலக் கல்வீடு கட்டியிருந்தால் அவனுக்கு என்ன முள்ளா குத்தியிருக்கும்? இல்லை, அங்கத்தைய மாதிரி மரச்சட்ட வீடுதான் வேண்டும் என்று நின்றான். படம் அனுப்பினான், காசு அனுப்பினான், கட்டத் தெரிந்தவர்களை மட்டும் அனுப்பவில்லை. வந்தவர்கள் தளம் ஊற்றிய அன்று மழை தூறியது. மட்டம் பார்க்காமல் சாக்கைப் போட்டு மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பின்பக்கத்தில் நான்கு அடிக்குத் தளம் ஒரு விரல் அளவு பதிந்து போயிற்று. அதன்மேல் வைத்த அடிச்சட்டமோ ஆறு அங்குல அகலமான பாலை மரம், வளைந்து கொடுக்காது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளிக்குள் மஞ்சள் நுரையைப் பீச்சி, அது உப்பி வெளியே வந்ததும் கத்தியால் சீவி, படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டுப் போனார்கள். அவன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினான். ஒரு வருஷ வெயிலில் அந்த நுரை பழைய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

அந்த இடைவெளியோடு ஒட்டித்தான் அப்பாவின் கட்டில் கிடந்தது. பதினொரு வருஷம் படுக்கை. செல்வநாயகம் என்றால் ஊரில் கோபக்காரர் என்று பெயர். காலும் கையும் விழுந்த பிறகு அவரிடம் மிஞ்சியிருந்தது கோபம் மட்டும்தான், அதையும் செலவழிக்க அவருக்கு மகள் ஒருத்தி மட்டும்தான் மிஞ்சியிருந்தாள். கஞ்சி சூடு, கஞ்சி ஆறிப்போச்சு, சீலை ஈரம், விசிறி சத்தம். கடைசி மாதங்களில் ஒன்றே ஒன்று. கீழே காற்று வருகிறது, அடை. இரவும் பகலும் காற்று வருகிறது, அடை. கடைசி நாள் காலையிலும் அதைத்தான் சொன்னார். அவள் அவருடைய துணியை அலசிக்கொண்டிருந்தாள். "உங்கடை மோனிட்டைச் சொல்லுங்கோ. அவன்ரை வீடுதானே" என்று திரும்பிப் பாராமல் சொன்னாள். மத்தியானம் கஞ்சி கொண்டுபோனபோது அவர் இல்லை. முகம் சுவர்ப்பக்கம் திரும்பி, கண் அந்த இடைவெளியைப் பார்த்தபடி இருந்தது.

அது நடந்து இருபத்துநான்கு நாள். இன்னும் ஒரு கிழமையில் கீரிமலையில் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. அதற்குள் மழை தொடங்கிவிடும்.

கனிசியஸ் ஒன்பது மணிபோல சைக்கிளில் வந்தார். மயிலிட்டிக்காரர், வள்ளம் கட்டுகிறவர், அறுபது தாண்டியவர். வீட்டு வேலைக்கு அவரைப் பிடித்தது சிவகௌரியின் யோசனைதான். கடலுக்குள் நிற்கிற பலகைக்குத் தண்ணீர் போகாமல் அடைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு சுவரின் அடியை அடைக்கத் தெரியாதா என்று நினைத்தாள். அவர் குந்தியிருந்து திரியைக் கையில் எடுத்து, முனையில் இருந்து முனை வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, மூண்டாந்தரம் வேலை செய்யிறியள். உங்கடை வள்ளமெல்லாம் உப்பிடித்தானே?"

அவர் கோபிக்கவில்லை. "பிள்ளை, நான் நாப்பது வருஷமா வள்ளத்துப் பலகை இடுக்கிலை திரி வைச்சுக் கலப்பத்து அடிக்கிறவன். அடிச்ச திரி கழரும்தான். ஆனா தண்ணி எந்தப் பக்கத்தாலை தள்ளுதோ, அதுக்கு மற்றப் பக்கம்தான் கழண்டு விழும். கடல் வெளியிலை நிண்டு தள்ளும், திரி வள்ளத்துக்குள்ளை விழும்."

"அதுக்கு?"

"இது வெளியிலை விழுந்து கிடக்கு."

"அப்ப உள்ளுக்கை என்ன கடலே நிக்குது?"

அவர் திரியைத் திருப்பிக் காட்டினார். உள்ளே பார்த்திருந்த பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கில், சிறு சிறு பள்ளங்கள். ஒரே அளவு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, நான்கு அடிக்கும். அவள் பார்த்தாள். பிறகு பார்க்காதது போல நிமிர்ந்தாள்.

"உள்ளுக்கை நான் ஒராள்தான் இருக்கிறன்" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றார் கனிசியஸ். அவர் குரலில் இருந்த பணிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. செத்த வீட்டில் கதைக்கிற மாதிரி இருந்தது.

அவள் அதைப்பற்றி நினைக்கக் கூடாது என்று இருபத்துநான்கு நாளும் பிடிவாதமாக இருந்தாள். அப்பா போனது அவிட்டத்தில். அவிட்டத்தில் இருந்து ஐந்து நட்சத்திரமும் பஞ்சமி, சாவுக்கு ஆகாதவை. பஞ்சமியில் போனவரை வாசலால் எடுக்கக் கூடாது; சுவரை உடைத்து, அந்த வழியால் எடுத்து, உடனே அடைத்துவிட வேண்டும். அடைத்துவிட்டால் அவருக்குத் திரும்பி வர வழி தெரியாது. வாசலால் போனவர் வாசலால் வருவார், வந்தால் தனியே போகமாட்டார், வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார். ஆறு மாதம் அந்த வீட்டைப் பூட்டிப்போட்டு எல்லோரும் வேறிடம் போக வேண்டும். இது அவளுக்கும் தெரியும், அயலுக்கும் தெரியும், கிரியைக்கு வந்த குருக்கள் ஐயாவுக்கும் தெரியும். நோர்வேயில் இருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கும் தெரியும்.

சுவரை வெட்ட அவன் விடவில்லை. உள்ளே சூடு தடுக்கிற கம்பளி இருக்கிறது, ஈரம் தடுக்கிற தாள் இருக்கிறது, ஒரு இடத்தில் வெட்டினால் முழு வீடும் பழுதாகிவிடும் என்று தொலைபேசிக்குள் இருந்து கத்தினான். பிரேதத்தைச் சுற்றி நின்றவர்கள் அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நின்றார்கள். கடைசியில் ஐயா ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்கு அன்று இன்னும் இரண்டு வீட்டுக் கிரியை இருந்தது. பின்சுவரின் கீழே இருக்கிற இடைவெளியில் உதிர்ந்த நுரையை நோண்டி எடுக்கச் சொன்னார். அப்பாவின் கால் பெருவிரலில் ஒரு வெள்ளை நூலைக் கட்டி, மறுமுனையை அந்த இடைவெளியால் வெளியே விட்டார். இதுதான் வழி, இதனால்தான் போகிறார் என்று மந்திரம் சொன்னார். பிறகு நூலை அறுத்தார்கள். பிறகு அப்பாவைத் தூக்கி, நான்கு பேர் சுமந்து, முன்வாசலால் கொண்டுபோனார்கள். ஒரு நூலால் பஞ்சமியை ஏமாற்றிவிட்டு ஐயா வான் வண்டியில் ஏறிப் போனார்.

பூட்டிப்போட்டு எங்கே போவது? காணியும் தம்பியின் பெயரில், வீடும் தம்பியின் பெயரில். அவளுக்கு இருந்த பங்கு அப்பா மட்டும்தான். கூட்டிக்கொண்டு போவதென்றால் அந்த வீட்டில் அவரோடு போவதற்கு இருந்தவளும் அவள் மட்டும்தான். பதினொரு வருஷம் உழைத்ததற்கு நல்ல கூலி என்று நினைத்துக்கொண்டாள். கோபம் வந்தது. கோபம் இருக்கிறவரைக்கும் அவளுக்குப் பயம் வராது. அப்படித்தான் இத்தனை நாளும் படுத்தெழும்பினாள்.

"இந்தமுறை ரெண்டு திரி வைச்சு அடியுங்கோ" என்றாள். "வெளிப்பக்கம் சீமெந்தும் பூசுங்கோ. என்ன தள்ளுதெண்டு பாப்பம்."

கனிசியஸ் பத்து மணியில் இருந்து பன்னிரண்டு வரை அடித்தார். மரச்சுத்தியல் உளியில் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் வீடு முழுவதும் டொக் என்று திருப்பிச் சொன்னது. வேலை முடிந்ததும் வெளியில் சீமெந்துப் பட்டையை விரலால் இழுத்து மழுக்கினார்.

"யன்னலெல்லாத்தையும் சாத்திப்போட்டு, உள்ளுக்கை நிலத்திலை படுத்துப் பாருங்கோ. எங்கையாவது வெளிச்சம் தெரிஞ்சா அங்கை ஓட்டை. நான் சாப்பிட்டிட்டு வாறன்."

அவர் சைக்கிளின் சத்தம் தெருவில் கரைந்தது. கீரிமலைப் பக்கம் ஒரு வான் போயிற்று. இந்தத் தெருவில் போகிற வான்களில் பாதிக்குள் சாம்பல் முட்டிதான் இருக்கும். சிவகௌரி முன்கதவைச் சாத்தினாள். யன்னல் பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கொளுவினாள். வெளியே வெயில் கொதிக்க, உள்ளே வீடு ஒரு பெட்டி மாதிரி இருண்டது. பலகைகள் சூட்டில் நெட்டி முறித்தன. தூரத்தில் கடல் இரைந்தது, பிறகு அதுவும் கேட்கவில்லை. இவ்வளவு நன்றாக அடைபட்ட வீட்டுக்குள் அவள் ஒருநாளும் நின்றதில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. தன்னுடையதுதான் என்று உறுதி செய்துகொள்ள ஒருமுறை மூச்சை நிறுத்திப் பார்த்தாள். நின்றது. தன் மேலேயே எரிச்சல் பட்டாள்.

அப்பாவின் கட்டிலை எடுத்து இருபது நாளாகிறது. அந்த இடத்தில் தளம் வெறுமையாக இருந்தது. அவள் குப்புறப் படுத்து, கன்னத்தைக் கொங்கிறீற்றில் வைத்து, சட்டத்தின் அடியைப் பார்த்தாள். ஒரு சாண் தூரம். கும்மிருட்டு. ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. குங்கிலிய மணம் மூக்கில் ஏறியது. கனிசியஸ் வேலை தெரிந்தவர்தான், வீணாகக் கோபித்துவிட்டேன் என்று நினைத்தாள். எழும்பப் போனாள்.

வேறு ஒரு மணம் வந்தது. நோவுக்குத் தடவுகிற எண்ணெய், பழைய வியர்வை, காயாத துணி. பதினொரு வருஷம் அவள் கழுவிக் கழுவிக் கலைத்த மணம். பின்னால் இருந்து வரவில்லை. பக்கத்தில் இருந்து வந்தது. அவளோடு சேர்ந்து இன்னொருவர் தளத்தில் குப்புறப் படுத்திருந்தால் எந்தத் தூரத்தில் இருந்து வருமோ, அந்தத் தூரத்தில் இருந்து.

அவள் தலையைத் திருப்பவில்லை.

இருட்டுக்குக் கண் பழகியிருந்தது. திரியின் உள்முகம் மங்கலாகத் தெரிந்தது. அதில் ஒரு பள்ளம் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. ஒரு பெருவிரல் வைத்து அழுத்தினால் பஞ்சு எப்படி அமிழுமோ அப்படி. விரல் இல்லை. பள்ளம் மட்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவசரம் இல்லை. சுவரின் ஒரு கரையில் இருந்து அவளுடைய முகத்தை நோக்கி வந்தது. முகத்துக்கு நேரே நின்றது. வெளியே சீமெந்து டிக் என்று வெடித்தது.

ஒரு நூல் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

அவள் எப்படி எழும்பினாள், எப்படிக் கதவைத் திறந்தாள் என்று தெரியவில்லை. முற்றத்து வெயிலில் நின்று தம்பியை அழைத்தாள்.

"அக்கா, இஞ்சை இப்ப நான் வேலையிலை நிக்கிறன்."

"நீ எப்பவும் வேலையிலைதான் நிக்கிறாய். திரி கழருது. என்ரை கண்ணுக்கு முன்னாலை கழருது."

"வெயிலுக்கு மரம் விரியும், பிறகு சுருங்கும். அதுதான் தள்ளுது. இன்னும் கொஞ்சம் இறுக்கமா..."

"அப்பா உள்ளுக்கை நிக்கிறார். வாசலாலை கொண்டுபோனம், வாசலாலை வந்திட்டார். இப்ப ஐயா காட்டின வழியாலை போகப் பாக்கிறார். அதைத்தான் நீ அடை அடை எண்டு என்ரை உயிரை எடுக்கிறாய்."

"ஒரு நல்ல டொக்டரிட்டைக் காட்டுங்கோவன் அக்கா. நான் காசு போடுறன்" என்றான்.

அவள் தொலைபேசியைத் துண்டித்தாள். பதினொரு வருஷமாக அவன் செய்ததெல்லாம் அதுதான். காசு போட்டான். மலம் அள்ளியவள் இவள், முதுகுப்புண்ணுக்கு மருந்து கட்டியவள் இவள், கடைசியில் பஞ்சமிக்குப் போக வேண்டியவளும் இவள். கோபத்தில் அவளுக்கு வெயில் கூடத் தெரியவில்லை. போகப் பார்க்கிறார் என்றால் போகட்டும். தடுக்கிறது யார்? வழியை முழுக்கத் திறந்துவிட்டு, போங்கோ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவர் போன பிறகு சீமெந்தைக் கரைத்து ஊற்றி ஒரேயடியாக மூடிவிடலாம். தனியே போகமாட்டாராம். போகத்தான் வேண்டும். அங்கேயும் கஞ்சி கொடுக்க அவளால் முடியாது.

கனிசியஸ் திரும்பி வந்தபோது வடக்கே கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. சீமெந்துப் பட்டையின் வெடிப்பைப் பார்த்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எல்லாத்தையும் கிண்டி எடுப்பம்" என்றாள் சிவகௌரி. "ஒண்டும் மிஞ்சக் கூடாது. நீங்கள் வெளியிலை இருந்து எடுங்கோ, நான் உள்ளுக்கை இருந்து எடுக்கிறன்."

"பிள்ளை, நாங்கள் விட்டிட்டுப் போவம். பாதரை ஒருக்கா..."

"எனக்குப் போக இடமில்லை அண்ணை. கிண்டுங்கோ."

அவர் கிண்டினார். அவளும் கறிக்கத்தியோடு உள்ளே படுத்துக் கிண்டினாள். யன்னல்களைத் திறந்து வைத்திருந்தாள், கதவையும் திறந்து வைத்திருந்தாள், பட்டப்பகல். திரி துண்டு துண்டாக வந்தது. அதற்குப் பின்னால் பழைய மஞ்சள் நுரையின் பொருக்கு. நான்கு அடிக்கும் வெளிச்சம் மெல்ல மெல்லத் தெரிந்தது. வெளியே கனிசியஸும் குப்புறப் படுத்திருந்தார். இடைவெளியால் அவருடைய நரைத்த தாடையும் ஒரு கண்ணும் தெரிந்தன.

"இப்ப உங்கடை முகம் தெரியுது பிள்ளை."

"எனக்கும் தெரியுது."

அவள் கத்தியை வைத்துவிட்டு, வாயை இடைவெளிக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "போங்கோ அப்பா" என்றாள். அழுகை வரவில்லை. "உங்கடை மோன்ரை வீட்டிலை உங்களுக்கு இனி ஒண்டுமில்லை. எனக்கும் ஒண்டுமில்லை. நான் உங்களுக்குச் செய்தது காணும். போங்கோ."

சில்லென்ற காற்று ஒன்று அவளைத் தாண்டி இடைவெளிக்குள் போயிற்று. தலைமயிர் ஒருமுறை முன்னால் இழுபட்டு நின்றது. அந்த மணம் குறைந்தது. பிறகு இல்லை. சிவகௌரி நெற்றியைத் தளத்தில் வைத்தாள். உடம்பு முழுவதும் தளர்ந்தது. முதல் தடவையாக அவளுக்குக் கோபம் இல்லை.

இடைவெளியின் நடுவில் ஒரு பொருக்கு நுரை மிஞ்சியிருந்தது. அதையும் எடுத்தால் சீமெந்து நன்றாக ஓடும். கத்தி எட்டவில்லை. அவள் வலது கையைத் தட்டையாக வைத்து உள்ளே விட்டாள். விரல் மொளி மரத்தில் உரசியது. விரல் நுனியில் நுரை பட்டது.

யாரோ விரல்களைப் பிடித்தார்கள்.

முதலில் கனிசியஸ் என்று நினைத்தாள். "விடுங்கோ அண்ணை."

"என்னத்தை?"

"கையை விடுங்கோ."

"நான் பிடிக்கேல்லையே."

அவள் இழுத்தாள். வரவில்லை. மறுபக்கத்தில் இருந்து இழுத்தது. வெடுக்கென்று இல்லை. நிதானமாக. மணிக்கட்டு போயிற்று. ஒரு விரல் உயரமுள்ள இடைவெளிக்குள் மணிக்கட்டு போயிற்று. நோகவில்லை. வளையல் மரத்தில் தட்டி, ஓவல் ஆகி, அதுவும் போயிற்று.

"அண்ணை, என்ரை கையைப் பிடிச்சு உள்ளுக்குத் தள்ளுங்கோ."

"எங்கை பிள்ளை கை?"

"உங்கடை பக்கம்தான். முழங்கை வரைக்கும் வந்திட்டுது."

வெளியே அவர் தளத்தைத் தடவுவது கேட்டது. இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரைக்கும். திரும்பவும்.

"இஞ்சை ஒரு கையும் வரேல்லை."

ஆறு அங்குல மரம். ஆறே அங்குலம். முழங்கை போய்விட்டது. கன்னம் தளத்தில் அழுந்தியது. கனிசியஸ் குனிந்து பார்த்தார். அவருடைய கண் நேரே அவளுடைய கண்ணைப் பார்த்தது. இரண்டு கண்ணுக்கும் நடுவில் அவளுடைய கை இருக்க வேண்டும். வெறும் வெளிச்சம் இருந்தது.

உள்ளே, எங்கேயோ, விரல்கள் விரிக்கப்பட்டன. உள்ளங்கையில் இன்னொரு கை வந்து பிடித்தது. அது அப்பாவின் கை இல்லை; அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிற யாரோ ஒருவருடையது. பிறகு இன்னொன்று.

தோள் சட்டத்தில் வந்து முட்டியது. நின்றது.

பிறகு அதுவும் தட்டையாகத் தொடங்கியது.